உயர வரிசை

எங்கள் வீட்டில் இரண்டு சங்கங்கள் குடியிருந்தன. அப்பா, காரைக்குடியில் ஒரு செட்டியார் குடும்பம் நடத்திவந்த உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவருக்கு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களின் சங்கம். அம்மா, குன்றக்குடி சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மைல் உள்ளே நடக்கவேண்டிய ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் டீச்சர். அவருக்குத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் கூட்டணி. செக்காலையில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஓட்டு வீட்டின் கூடத்தில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் இரண்டு மஞ்சள் பைகள் தொங்கும். ஒன்றில் அப்பாவின் சந்தா ரசீதுப் புத்தகம், மற்றதில் அம்மாவுடையது. ஒருநாள் பை மாறிப்போய், அப்பா தம் பள்ளி ஆசிரியர் ஒருவருக்குக் கூட்டணி ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்தார். "ஐஸ்கூல் வாத்தியார எலிமெண்டரியில சேத்துட்டீகளே!" என்று அம்மா பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் கொஞ்சம் புளிப்பும் உண்டு. அன்றைக்குத் தமிழ்நாட்டில் மேலவை இருந்தது. அதில் ஆசிரியர் தொகுதி என்று தனியாக ஒன்று; ஆசிரியர்களே ஓட்டுப் போட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் அரசியல் சட்டத்தின் 171ஆவது பிரிவுப்படி, உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத இடத்தில் பாடம் நடத்துபவருக்குத்தான் அந்த ஓட்டு. தேர்தல் வந்தால் வேட்பாளர் நாலைந்து பேருடன் எங்கள் திண்ணைக்கு வருவார். அப்பாவுக்குப் பெரிய கும்பிடு. காபி கொண்டுவந்து வைக்கும் அம்மாவிடம், "நீங்களும் டீச்சராம்மா?" என்பார். எந்தப் பள்ளி என்று கேட்பார். எலிமெண்டரி என்று தெரிந்ததும் முகம் அப்பா பக்கம் திரும்பிவிடும். ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுப்பவருக்கு ஆசிரியர் தொகுதியில் ஓட்டில்லை என்பதை நம்ப எனக்கு ரொம்ப நாளாயிற்று. 1986 நவம்பரில் மேலவையே இல்லாமல் போனது. "இப்பத்தான் ரெண்டு பேரும் சமம்" என்றார் அம்மா.

செட்டிநாட்டில் பள்ளிக்கூடத்துக்குப் பஞ்சமில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போய் ஈட்டிய பணத்தில், கோவில் திருப்பணிக்கு அடுத்தபடி படிப்புக்குத்தான் நகரத்தார் கொட்டிக் கொடுத்தார்கள். அழகப்பச் செட்டியார் 1947இல் கல்லூரி தொடங்கினார். மறு வருஷமே நேரு வந்து மின்வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் அழகப்பர் கொடுத்தது. அந்தக் கொடையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. இந்த ஊரில் படித்தவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு செட்டியார் கட்டடத்தின் நிழலில் உட்கார்ந்து படித்தவர்கள்தான். ஆனால் பள்ளிக்குக் கட்டடம் கொடுத்தவருக்கு வாத்தியாரும் அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதியாகவே தெரிந்தார்.

அப்பா 1960களின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தவர். அரசாங்க மானியம் அப்போது மேனேஜர் பெயருக்கு வரும். மேனேஜர் பார்த்துக் கொடுப்பதுதான் சம்பளம். பட்டியலில் ஒரு தொகைக்குக் கையெழுத்து, கையில் வருவது வேறு தொகை. குறைந்தது எங்கே என்று கேட்டால், கட்டட நிதி. மேனேஜர் வீட்டுக் கல்யாணமென்றால் வாத்தியார்கள் விடியற்காலமே போய், முகப்பில் பன்னீர்ச் செம்போடும் சந்தனக் கிண்ணத்தோடும் நிற்கவேண்டும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில், உட்காரச் சொன்னால்தான் உட்காரலாம். பெரும்பாலும் சொல்ல மறந்துவிடுவார்கள். இதெல்லாம் நான் கண்ணால் கண்டதில்லை. கரண்ட் போன ராத்திரிகளில் திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்து அப்பா சொன்னது. சொல்லும்போது கோபமே இருக்காது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

டிராயிங் மாஸ்டர் கதையை மட்டும் அவர் குரல் மாறாமல் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வருஷம் ஆண்டுவிழாவுக்கு இராமாயண நாடகம். டிராயிங் மாஸ்டர்தான் நாடகப் பொறுப்பு. இராமன் வேஷத்துக்கு மேனேஜரின் உறவுக்காரப் பையன் ஒருவன் இருந்தான்; அவனுக்கு நாலு வரி வசனம் சேர்ந்தாற்போல் வராது. சலவைத் தொழிலாளி ஒருவரின் மகன் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். முழு நாடகமும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். மாஸ்டர் கிரீடத்தை அவன் தலையில் வைத்துவிட்டார். இரண்டாம் நாள் சாயங்காலம் கணக்குப்பிள்ளை அவர் வீட்டு வாசலில் வந்து நின்று, "நாளையிலேருந்து வரவேணாமுன்னு முதலாளி சொன்னாக" என்றார். அவ்வளவுதான். எழுத்தில் ஒன்றுமில்லை, விசாரணை இல்லை. நாடகம் நடந்தது. இராமன் மாறிவிட்டான். மாஸ்டர் மனைவி மக்களோடு மாமனார் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அந்தச் சலவைத் தொழிலாளி மகன் என்ன ஆனான் என்று நான் கேட்டபோது அப்பா, "அவன் யாருக்கு வேணும்?" என்று சொல்லி விசிறியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அப்பாவும் அவரோடு வேலை பார்த்தவர்களும் சங்கத்தில் சேர்ந்தது இதற்குப் பிறகுதான். மலையாள நாட்டில் 1957இல் கல்வி அமைச்சர் முண்டசேரி கல்வி மசோதா கொண்டுவந்ததையும், மேனேஜரைத் தாண்டி அரசே ஆசிரியருக்கு நேராகச் சம்பளம் தரும் என்று அதில் இருந்ததையும், அதை எதிர்த்துக் கிளம்பிய கிளர்ச்சியில் 1959இல் அந்த அரசே கலைக்கப்பட்டதையும் அவர்கள் ஏதோ பக்கத்து வீட்டுச் சங்கதி மாதிரி பேசிக்கொள்வார்கள். நம் பக்கத்தில் காமராசர் காலத்தில், 1955இல், உதவிபெறும் பள்ளி ஆசிரியருக்கும் ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் திட்டம் வந்திருந்தது. கிழவயதுக்கு வழி பிறந்தது. நடுவயதில் நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதற்கு வழியில்லை. அதற்காக மாநாடு மாநாடாகத் தீர்மானம் போட்டார்கள். தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்று 1973இல் வந்து, 1974 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. கல்வி அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் ஆசிரியரை வேலையை விட்டு எடுக்கக்கூடாது. தற்காலிகமாக நிறுத்தி வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு மேல் இழுக்கக்கூடாது. 22ஆவது பிரிவு. எங்கள் வீட்டில் திருக்குறள் எண்ணைவிட இந்தப் பிரிவின் எண் எனக்கு முதலில் மனப்பாடம். அப்பா அதைச் சொல்லும்போது ஒரு மிடுக்கு வரும். சட்டம் வந்த பிறகு மேனேஜர் வீட்டுக்கு ஒரு வேலையாகப் போனவர், யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாராம். மேனேஜர் காபி கொண்டுவரச் சொன்னாராம். "காபி நல்லா இருந்துச்சு" என்பார்.

இப்படியெல்லாம் ஒரு குழந்தை வளர்ந்தால் சங்கம் என்பது சம்பளம், பதவி, நாற்காலி சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் நினைக்கும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அம்மாவின் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்த அந்த வருஷம் வரைக்கும்.

ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களுக்கு மேனேஜர் கிடையாது, சேர்மன் உண்டு. பள்ளிகளெல்லாம் ஒன்றியத்தின் கீழ் இருந்தன. மாறுதல் வேண்டுமானாலும், வேண்டாமானாலும் சேர்மன் வீட்டு வாசலில் நிற்கவேண்டும். சேர்மனுக்கு ஓட்டுப் போடும் ஊரின் பெரிய வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பஸ் போகாத ஊருக்குத் தூக்கியடித்துவிடுவார்கள். அம்மாவுக்கு முன்பு அந்தப் பள்ளியில் இருந்த ஒரு வாத்தியார், காலனிப் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பானையில் தாங்களே மொண்டு குடிக்க விட்டார் என்று அப்படித்தான் போனார். கூட்டணி பல வருஷமாகக் கேட்டுவந்தது ஒன்றே ஒன்று: எங்களை அரசு ஊழியர்களாக எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981 ஜூன் 1 முதல் அது நடந்தது. அம்மா அன்று வெள்ளைப் பணியாரம் சுட்டார். எனக்கு ஏழு வயது. எதற்குப் பணியாரம் என்று கேட்டதற்கு, "இனிமே சேர்மன் வீட்டுக் கோலத்த மிதிக்கவேணாம்" என்றார். எனக்குப் புரியவில்லை. பணியாரம் புரிந்தது.

மறு வருஷம் ஜூன். பள்ளி திறந்த முதல் வாரம். ஓடு வேய்ந்த ஒரே நீளக் கூடம். இரண்டு டீச்சர், ஐந்து வகுப்பு. பலகைகள் ஊர்ப் பிள்ளைகளுக்கு. காலனிப் பிள்ளைகள் வாசல் பக்கச் சுவரோரம் சிமெண்டுத் தரையில். யாரும் அவர்களை அங்கே உட்காரச் சொல்லிப் பார்த்ததில்லை. வருவார்கள், உட்கார்ந்துகொள்வார்கள். டீச்சர் மகள் என்பதால் எனக்குப் பலகையில் ஓர் ஓரம். அன்று காலை அம்மா கரும்பலகைக்கு முன்னால் நின்று எங்களையெல்லாம் எழுந்து நிற்கச் சொன்னார். தோளோடு தோள் நிறுத்திப் பார்த்தார். குட்டையானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால். "பின்னாடி இருக்கிறவகளுக்குப் போர்டு மறைக்குது, கண்ணு கெட்டுப்போகும்" என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாதி என்ற சொல்லையே எடுக்கவில்லை. நான் அந்த வயதுக்கு ரொம்பக் குட்டை. முதல் பலகையில் முதல் ஆள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் காலனிப் பிள்ளை. அவள் தலையில் வேப்பெண்ணெய் வாசம். பலகையில் உட்காரத் தெரியாமல் நுனியில் தொற்றிக்கொண்டிருந்தாள். ஏழாம் வாய்ப்பாட்டில் நான் ஏழெட்டில் தடுக்கி நின்றபோது கீழ்க்குரலில் விடையைச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

மூன்றாம் நாள் ஊரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, "டீச்சர், எங்க புள்ள யாரு பக்கத்துல உக்காந்திருக்குன்னு தெரியுமா?" என்றார் ஒருவர். "தெரியும்ணே. வாய்ப்பாடு தெரிஞ்ச புள்ள பக்கத்துல" என்றார் அம்மா. குரல் நடுங்கியது, எனக்குத் தெரியும், புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் வரவில்லை. அடுத்த வாரம் ஏ.இ.ஓ., அதாவது உதவிக் கல்வி அலுவலர், அலுவலகத்திலிருந்து அம்மாவுக்கு மெமோ. ஊர்க்காரர்கள் மனுப் போட்டிருக்கிறார்கள், விளக்கம் தரவும். ராத்திரி அப்பா மெமோவை இரண்டு தரம் படித்துவிட்டு, "17பி வரைக்கும் போகாது" என்றார். அந்த எண்ணும் அன்றைக்குத்தான் எனக்கு அறிமுகம். ஒழுங்கு நடவடிக்கை விதியில் கொஞ்சம் பெரிய தண்டனைக்கான பிரிவு. வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பூச்சாண்டிக்குப் பதிலாக 17பி.

விசாரணைக்கு ஏ.இ.ஓ. பள்ளிக்கே வந்தார். அவர் வருவதற்கு முன்னால் சைக்கிள்கள் வந்துவிட்டன. கூட்டணியின் வட்டாரச் செயலாளர், பொருளாளர், கல்லல் பக்கத்திலிருந்தும் பிள்ளையார்பட்டிப் பக்கத்திலிருந்தும் வாத்தியார்கள். செம்மண் புழுதி ஏறிய வேட்டிகளோடு வேலியோரமாகச் சைக்கிளைச் சாத்திவிட்டுச் சும்மா நின்றார்கள். கோஷம் ஏதுமில்லை. அவர்கள் நின்றதுதான் கோஷம். ஏ.இ.ஓ. நல்ல மனிதர், கொஞ்சம் பயந்தவர். உட்காரும் முறையை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டார். அம்மா காரணம் சொன்னார். ஏ.இ.ஓ. பின்பலகைக்குப் போய் உட்கார்ந்து, கரும்பலகை தெரிகிறதா என்று தாமே பார்த்தார். "உயர வரிசை" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். வட்டாரச் செயலாளர் ஒரு தாளை நீட்டினார். மாறுதல் ஏதும் போட்டால் சங்கம் வழக்குக்குப் போகும் என்று அதில் இருந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். மனு அதோடு மூடப்பட்டது. பள்ளி ஒன்றியத்தின் கீழ் இருந்த காலமாக இருந்தால் விசாரணையே நடந்திருக்காது. சேர்மன் வீட்டிலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கும், அம்மா இளையான்குடிப் பக்கம் எங்கேயோ போயிருப்பார், என் பக்கத்தில் இருந்தவள் மறுபடி சுவரோரம் போயிருப்பாள். வேலை போகாது என்ற தைரியம் வாத்தியாருக்கு இருந்தால்தான் அந்தப் பலகையில் அவளுக்கு இடம் நிலைக்கும் என்று நான் இன்றும் நம்புவது அந்த வேலியோரத்துச் சைக்கிள்களைப் பார்த்ததால்தான்.

ஊர்ப் பிள்ளைகள் திரும்பி வந்ததற்குச் சங்கம் மட்டும் காரணமென்று சொன்னால் பொய். ஜூலை 1ஆம் தேதி சத்துணவு தொடங்கியது. பருப்புச் சாதத்தின் வாசம் ஊர் வரை போயிற்று. வந்தவர்களில் சிலர் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிப்போய்ச் சாப்பிட்டார்கள். ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவது வேறு ஒரு சண்டை, அது இன்னும் சில வருஷம் நடந்தது. எங்கள் மாவட்டத்தில் அது இப்போதும் எல்லா ஊரிலும் முடிந்துவிட்டதாக நான் சொல்லமாட்டேன்.

கல்லூரிக் காலத்தில் ஹட்டன் எழுதிய சாதி பற்றிய நூலைப் படித்தேன். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்தவர். பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில், அதாவது எங்கள் மண்ணில், 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்ததை அதில் பதிவு செய்திருக்கிறார். நகை போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. அவற்றில் ஒன்று, பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது. மிராசுதாரின் மாட்டை மேய்க்கவேண்டும். அதைப் படித்த அன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மா எங்களைத் தோளோடு தோள் நிறுத்திப் பார்த்தது அதற்கு 51 வருஷத்துக்குப் பிந்தைய ஒரு ஜூன் மாதம். இடையில் யாரும் ஒன்றும் செய்யவில்லை என்றில்லை. அந்தத் தடைகளுக்கும் முன்பே, பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவா எங்கள் பக்கத்துச் சிராவயலில் ஆசிரமம் நடத்திப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். 1927இல் காந்தி அங்கே போய் அவரைப் பார்த்தார். ஆனால் ஜீவா மாதிரி ஆளுக்குப் பின்வாங்கத் தெரியாது. என் அம்மாவுக்கு மாதச் சம்பளமும் மாமியாரும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். சாதாரண மனுஷி தைரியமாக இருப்பதற்கு ஒரு ரசீதுப் புத்தகம் தேவைப்பட்டது.

மாமியார் என்றேன். அப்பத்தாவைப் பற்றிச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டணியின் வட்டாரச் செயற்குழு சில நேரம் எங்கள் வீட்டில் கூடும். பொருளாளர் காலனியிலிருந்து படித்து வந்த தலைமையாசிரியர். எழுத்து முத்து முத்தாக இருக்கும், கணக்கு அணாப் பைசா சுத்தம். எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்களிலெல்லாம் பெயர் வெட்டியிருக்கும். அப்பத்தா பெயர், தாத்தா பெயர், கல்யாணத் தேதி. பெயர் வெட்டாத டம்ளர் ஒன்றே ஒன்று அடுப்படி மாடத்தில் கவிழ்த்துக் கிடக்கும். பொருளாளருக்குக் காபி அதில்தான் போகிறது என்பதை நான் கவனித்ததில்லை. அம்மா கவனித்தார். அடுத்த கூட்டத்தில் அம்மாவே தட்டை எடுத்துப் போனார். பொருளாளர் கையில் தாத்தாவின் பெயர் வெட்டிய டம்ளர். அப்பத்தா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டம் முடிந்ததும் அந்த டம்ளரைப் புளி போட்டு மூன்று தரம் தேய்த்தார். ஆனால் பெயர் வெட்டாத டம்ளர் அதற்குப் பிறகு மாடத்தில் இல்லை. எங்கே போயிற்று என்று யாரும் யாரையும் கேட்கவுமில்லை. அப்பத்தா மாறிவிட்டார் என்று கதை கட்ட எனக்கு விருப்பமில்லை. புளிச் செலவு ரொம்ப நாள் இருந்தது.

சங்கத்துக்காரர்களையும் தேவதூதர்களாக்க மாட்டேன். பொருளாளர் வரைக்கும் வந்த அந்தத் தலைமையாசிரியர் தலைவராக வரவில்லை. எங்கள் வட்டாரத்தில் தலைவர் பதவி இரண்டு சாதிகளுக்குள்ளேயே மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவுக்கு மகளிர் துணைச் செயலாளர் என்று ஒரு பொறுப்பு. கூட்டத்தில் அவர் பேசியதைவிடக் காபி கொடுத்தது அதிகம். மாவட்டத்திலிருந்து சைக்ளோஸ்டைல் செய்த கோரிக்கைப் பட்டியல் வரும். ஊதா மை வாசம் எனக்குப் பிடிக்கும், அதற்காகவே வாங்கி வாசிப்பேன். அகவிலைப்படி, வீட்டு வாடகைப் படி, ஊக்க ஊதியம், இடைநிலை ஆசிரியர் ஊதிய முரண்பாடு. எல்லாம் முடிந்து கடைசிக்கு முந்தின இடத்தில், ஓராசிரியர் பள்ளிகளை ஈராசிரியர் பள்ளிகளாக்கு. கடைசியில், பள்ளிகளுக்குக் குடிநீர், கழிப்பறை. "புள்ளைக கடைசியிலதான் வருதுக" என்று அப்பா கிண்டல் செய்வார். "உங்க பட்டியல்ல அதுவும் இல்ல" என்பார் அம்மா. இந்த விஷயத்தில் அம்மா சொன்னதுதான் சரி. காலனியையும் தோப்பு வீடுகளையும் ஒட்டி இருந்தவைதான் பெரும்பாலும் ஓராசிரியர் பள்ளிகள். அந்த ஒருவர் லீவு போட்டால் பள்ளிக்கே லீவு. 1987இல் மத்திய அரசு கரும்பலகைத் திட்டம் கொண்டுவந்து பள்ளிக்கு இரண்டு வகுப்பறை, இரண்டு ஆசிரியர், முடிந்தவரை ஒருவர் பெண் என்று சொன்னபோது, எங்கள் வீட்டில் அது புதுச் செய்தியாகவே இல்லை. ஊதா மையில் நான் பல தரம் வாசித்த வரி. அந்தத் திட்டத்தில் பூகோள உருண்டையும் காந்தமும் அடங்கிய பெட்டி ஒன்றும் வந்தது. உடைந்தால் கணக்குக் கேட்பார்கள் என்று பல பள்ளிகளில் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அம்மா பூட்டவில்லை. உருண்டையில் ஆஸ்திரேலியா சீக்கிரமே தேய்ந்துவிட்டது.

1985 போராட்டம் எனக்குப் பதினோரு வயதில். ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் ஒன்றுசேர்ந்து ஜாக்டீ என்ற பெயரில் மறியல், கைது, சிறை. அம்மா ஒரு காலையில் மாற்றுப் புடவை, சோப்பு, திருநீற்றுப் பொட்டலம் எல்லாம் ஒரு வயர்கூடையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார். பஸ் ஸ்டாண்டு வரை நானும் தங்கையும் போனோம். டீச்சர்களெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டு போலீஸ் வேனில் ஏறினார்கள். ஒரு டீச்சர் வேனிலிருந்து தலையை நீட்டி, கணவரிடம் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்ததைச் சொன்னார். மதுரைக்குக் கொண்டுபோனார்கள் என்று ராத்திரி தெரிந்தது. சம்பளம் நின்றது. மளிகைக் கடையில் கணக்கு நீண்டது. கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அளவு மட்டும் கொஞ்சம் குறைந்தது. அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் பொருளாளரின் மனைவி வந்தார். அவருடைய கணவரும் உள்ளே. சிறையில் பார்க்கப் போனவர்கள் கொண்டுவந்த செய்தியைச் சொன்னார். அப்பத்தா அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, "எம் மருமக சாப்பிட்டாளாமா?" என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா திரும்பி வந்ததும் மாலைபோட்டு, பொன்னாடை போர்த்தி ஊர்வலமாக அழைத்து வந்தார்கள். மறுநாள் பள்ளிக்குப் போனவர் முகம் தொங்கிப்போய்த் திரும்பினார். ஐந்தாம் வகுப்பில் இரண்டு பையன்கள் வரவில்லை. பள்ளி பூட்டிக் கிடந்த நாட்களில் ஒருவனை ஆடு மேய்க்க விட்டுவிட்டார்கள்; இன்னொருவன் சித்தப்பாவோடு கடை வேலைக்கு மெட்ராஸ் போய்விட்டான். இரண்டு பேரும் காலனிப் பிள்ளைகள். ஊர்ப் பிள்ளைகளில் வசதி இருந்தவர்கள் அந்த நாட்களில் காரைக்குடிக்கு டியூஷன் போய்வந்தார்கள். அம்மா ஆடு மேய்த்தவனின் வீட்டுக்குப் பலமுறை நடந்து ஒருவழியாகக் கூட்டிவந்தார். மெட்ராஸ் போனவன் வரவில்லை. விட்டுப்போன பாடங்களுக்காக எங்கள் வட்டாரக் கூட்டணி சனிக்கிழமைகளில் பள்ளி நடத்துவதென்று தானாகவே முடிவு செய்தது. அம்மா ஒரு சனிக்கிழமையும் தவறவிடவில்லை. "உங்க போராட்டத்துல அந்தப் பையன் போயிட்டானே" என்று அப்பா ஒரு தரம் சொன்னார். அம்மா பதில் சொல்லவில்லை. எனக்கும் இன்றுவரை அதற்குப் பதில் தெரியாது. வேலைநிறுத்தத்தில் முதலில் அடிபடுவது யாருக்காகப் பேசுகிறோமோ அந்தப் பிள்ளைதான். இதைச் சங்கத்து மேடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

1988இல் மறுபடி ஒரு பெரிய போராட்டம். மத்திய அரசு ஊழியருக்குச் சமமான சம்பளம் கேட்டு. மறு வருஷம் கிடைத்தது. 1988 ஜூன் 1 முதல் இடைநிலை ஆசிரியருக்கு 1200-2040 என்ற ஊதிய விகிதம். எங்கள் வீட்டில் டி.வி. வந்தது. பெண் கொடுக்க யோசித்த வீடுகளில் வாத்தியார் மாப்பிள்ளைக்கு மரியாதை கூடிற்று. காலனியிலிருந்தும் சின்னச் சின்ன ஊர்களிலிருந்தும் பெண்பிள்ளைகள் ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டார்கள். பெண்ணைப் படிக்க வைத்தால் பலன் உண்டு என்று தகப்பன்மார் நம்ப ஒரு காரணம் கிடைத்தது. முதல் பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் பிற்பாடு டீச்சரானாள். இன்னொன்றும் நடந்தது. சம்பளம் உயர்ந்த வாத்தியார்கள் தங்கள் பிள்ளைகளை மெட்ரிகுலேஷன் பள்ளிகளில் சேர்த்தார்கள். நாங்கள் வேலியோரம் சைக்கிளோடு பார்த்த சிலர் வீட்டுப் பிள்ளைகளும் டை கட்டிக்கொண்டு வேன் ஏறினார்கள். என் தங்கையையும் அப்படித்தான் சேர்த்தார்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அதில் கருத்து வேறுபாடே இருக்கவில்லை.

அம்மா ஓய்வு பெற ஓராண்டு இருந்தது. 2003 ஜூலை 2ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தத்தில் அவரும் சேர்ந்தார்; ஓய்வூதியத்தில் கை வைத்திருந்தார்கள், தனக்கு என்பதைவிடப் பின்னால் வரும் பிள்ளைகளுக்கு என்றார். டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தில் ஏறத்தாழ 1,70,000 பேரை ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கினார்கள். 22ஆவது பிரிவைத் தலைகீழாகச் சொல்லும் அப்பாவுக்கு அன்று சொல்ல ஒரு பிரிவும் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் பெரும்பாலோரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றானது. ஆகஸ்டு 6ஆம் தேதி வந்த தீர்ப்பு, வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. அம்மா கடிதம் எழுதிய வாரம் நான் ஊரில் இருந்தேன். ஜெராக்ஸ் கடையில் அடித்து வைத்திருந்த மாதிரிக் கடிதம் ஒன்றை அப்பா வாங்கிவந்து கொடுத்தார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். அழுவாரோ என்று நான் பக்கத்தில் நின்றேன். சிவப்பு மைப் பேனாவை எடுத்து, "மன்னிப்பு"க்கு ஒரு ன் விட்டுப்போயிருந்ததைச் சுழித்தார். கீழே இரண்டு ஒற்று. பிறகு வெள்ளைத் தாளில் தம் கையெழுத்தில் திருத்தமாகப் படியெடுத்துக் கையொப்பமிட்டார். "கேக்கிறதுதான் கேக்கிறோம், பிழையில்லாமக் கேப்போம்" என்றார். எழுந்து, மறுநாள் பள்ளிக்குக் கட்ட வேண்டிய புடவையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார்.